சொல் நமது, கலம் யாருடையது?

ஒரு பழைய மாணவன்

உலக மொழிகளுக்குத் தமிழ் ஈந்த சொற்களை எண்ணிப் பெருமிதங் கொள்வது நம்மவர்க்கு உவப்பான செயல்களுள் ஒன்று. அவ்வரிசையிற் சுருட்டும் மிளகுதண்ணீரும் வந்தபின் கட்டுமரம் தவறாது வந்து நிற்கும். ஆங்கில அகராதியிலே 'கற்றமறான்' என்னும் சொல்லுக்கு நேரே தமிழ் மூலங் காட்டப்பட்டிருப்பதை மேடையில் எடுத்துரைத்துக் கைதட்டல் பெற்ற பேச்சாளர் பலரை நாம் கேட்டிருக்கிறோம். செய்தி உண்மையானதே. 17ஆம் நூற்றாண்டிற் சோழமண்டலக் கரைக்கு வந்த ஐரோப்பியர் அங்கே தாம் கண்ட மரக்கலத்தின் பெயரைக் கேட்டெழுதிக் கொண்டனர். அப்பெயர் அவர் நூல்கள் வழியாக ஆங்கிலத்திற் குடிபுகுந்தது. இன்று உலகின் துறைமுகங்கள் பலவற்றில் அச்சொல் வழங்குகின்றது.

ஆயின் அச்சொல் இன்று குறிக்கும் பொருள் நம்முடையதா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் பெருமிதம் சிறிது குறையும். ஆயினும் அதனால் விளையும் பயன் பெரிது என்பது என் கருத்து. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கும், இன்று வகுப்பறையில் இருக்கும் இளைஞர்க்கும், அவர்தம் ஆசிரியர்க்கும் அக்கேள்வியை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கரையிலே கட்டுமரம் என்பது பெயருக்கேற்றபடி கட்டிய மரங்களே. நீரில் எளிதில் மிதக்கும் இலேசான மரத்துண்டுகள் சிலவற்றைச் சேர்த்து, முன்புறத்தைச் சற்றே மேனோக்கி வளையும்படி செதுக்கிக் கயிற்றாற் பிணைத்துக் கடலில் விடுவர். அதற்கு உட்குழிவு இல்லை. ஆதலால் நீர் புகுந்து நிரம்புவதற்கு இடமும் இல்லை. அலை மேலேறினும் மரங்களின் இடைவெளியால் வடிந்துவிடும். கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர விடுவர். மேனாட்டார் இன்று 'கற்றமறான்' என்று கூறும் கலமோ வேறு. ஒத்த அளவுள்ள இரண்டு ஒடுங்கிய ஓடங்களை இடைவெளி விட்டு இணையாக நிறுத்தி, அவற்றைக் குறுக்குச் சட்டங்களாற் பூட்டி, நடுவிலே பாய்மரம் நாட்டிய இரட்டையுடற் கலம் அது. மூன்று உடல்கள் உடையதாயின் அதனை மூவுடற் கலம் எனலாம். இவ்விரண்டையும் சேர்த்துப் பல்லுடற் கலங்கள் என்போம்.

அச்சொல் பொருள் மாறிய வரலாறு வேடிக்கையானது. முதலில் எந்த நாட்டுத் தெப்பத்தையும் ஆங்கிலேயர் அப்பெயரால் அழைத்தனர். 1804 இல் பிரான்சின் பூலோன் துறையில் நின்ற கப்பல்களைத் தகர்ப்பதற்கு றொபேட் புல்ற்றன் அமைத்த வெடிமருந்துப் பெட்டிகளுக்குக்கூட அப்பெயரையே இட்டனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அது இரட்டையுடற் பாய்க்கலத்துக்கு உரிய பெயராக நிலைத்தது. ஆகவே, பெயர் நம் கடற்கரையிலிருந்து சென்றது. கலமோ வேறிடத்திலிருந்து வந்தது.

அவ்வேறிடம் பசிபிக் பெருங்கடலாகும். ஹவாய், தாகித்தி, சமோவா, தொங்கா முதலிய தீவுகளில் வாழ்ந்த மக்கள் ஐரோப்பியர் அக்கடலைக் காண்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இரட்டை ஓடங்களில் ஆயிரக்கணக்கான மைல் சென்று குடியேறினர். அவர்கள் ஆணியின்றித் தென்னங்கயிற்றாற் பலகைகளைத் தைத்தனர். விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் பறவைகளின் பறப்பையும் கொண்டு வழியறிந்தனர். ஓடத்தின் ஒரு பக்கத்திலே மிதவை பூட்டும் முறையும் அதே மரபினது. மடகாஸ்கர் முதல் பசிபிக்கின் கீழ்க்கோடி வரை அம்முறை பரவியிருந்தது. நம் இலங்கைத் தீவிலே நீர்கொழும்புக் கரையிற் பாய் விரித்தோடும் 'ஒருவ' என்னும் மிதவையோடம் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இதனால் பல்லுடற் கலத்துக்கும் நம் தீவுக்கும் உறவே இல்லை என்று கூறிவிடுதல் இயலாது. அவ்வுறவு நாம் மேடையிற் பேசும் சொல்லின் வழியாக அன்றி வேறு வழியாக வந்துள்ளது என்பதே உண்மை.

இனி, இத்தகைய கலத்திற்கு உள்ள சிறப்பு யாதென மாணவர் வினவுவர். பௌதிகம் பயில்வோர்க்கு அது நல்ல பாடம். ஓருடற் கலத்திலே பாயிற் காற்று மோதும்போது கலம் சாயும். அதை நிமிர்த்துவதற்கு அடியிலே ஈயமோ இரும்போ கட்டித் தொங்கவிடுவர். கலத்தின் முழு நிறையில் மூன்றிலொரு பங்களவு, சிலவற்றில் அதற்கு மேலும், இப்பாரமே இருக்கும். பல்லுடற் கலமோ பாரத்தால் அன்றி அகலத்தாலே நிமிர்ந்து நிற்கின்றது. பாரம் இன்மையால் இலேசாகின்றது. இலேசாவதால் நீரை மிகுதியாக விலக்க வேண்டியதில்லை.

மேலும் ஒன்று உண்டு. ஓடும் கலம் தானே ஓர் அலையை எழுப்புகின்றது. வேகம் கூடக்கூட அவ்வலையின் நீளமும் கூடி, முடிவில் கலத்தின் நீளத்துக்குச் சமமாகின்றது. அப்போது கலம் தான் தோண்டிய பள்ளத்தில் தானே அகப்பட்டதுபோல் ஆகிவிடும். நீர்மட்டத்திற் கலத்தின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால் இந்த எல்லை வேகம் மணிக்கு எத்தனை கடல்மைல் என்பது கிடைக்கும். 25 அடியாயின் 6.7, 36 அடியாயின் ஏறக்குறைய 8. பருத்த கலத்துக்கே இவ்விதி இறுக்கமானது. மிக ஒடுங்கிய உடல் எழுப்பும் அலை சிறிதாதலால் அது இவ்வெல்லையை எளிதிற் கடந்து செல்கின்றது. கணிதநூலை அறியாத பசிபிக் மாலுமி இதனைத் தன் கையறிவால் அறிந்திருந்தான்.

கையறிவாற் கண்டதை நூலறிவினர் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் சென்றது. 1662 இல் அயர்லாந்திலே சேர் வில்லியம் பெற்றி என்னும் அறிஞர் இரட்டையுடற் கலம் ஒன்றைக் கட்டி, டப்ளின் துறையில் மற்றைய படகுகளை ஓட்டத்தில் வென்று காட்டினார். அவர் இலண்டன் றோயல் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். பின்னர் அவர் கட்டிய பெரிய கலமொன்று 1665 இற் புயலிலே மூழ்கியது. அவர் முயற்சியை எள்ளி நகையாடியோர்க்கு அது போதுமானதாயிற்று. புயலில் மூழ்கிய ஓருடற் கலங்கள் அக்காலத்தில் எண்ணிலடங்கா. அவற்றைக் காட்டி எவரும் ஓருடற் கலங்களைக் கைவிடச் சொல்லவில்லை. புதியது ஒருமுறை தவறினால் அதன் முறையே பிழையென்பர். பழையது நூறுமுறை தவறினாலும் விதியென்பர்.

இரண்டு நூற்றாண்டுகளின் பின் அமெரிக்காவில் இதே கதை வேறொரு வடிவில் நிகழ்ந்தது. 1876 ஆம் ஆண்டு, அந்நாட்டின் நூற்றாண்டு விழாவை ஒட்டி நியூ யோர்க் துறையில் நடந்த பாய்ப்படகுப் பந்தயத்தில், நதானியேல் ஹெறெஷொவ் என்னும் இளம் பொறியியலாளர் தாம் அமைத்த 'அமறிலிஸ்' என்னும் சிறிய இரட்டையுடற் கலத்தோடு கலந்துகொண்டார். அதன் நீளம் ஏறக்குறைய 25 அடி. அது தன்னினும் பெரிய படகுகளைப் பின்னே விட்டு ஓடியது. உடனே எதிர்ப்பு எழுந்தது. அது படகே அன்று என்றனர் சிலர். வெற்றி ஒப்புக்கொள்ளப்படவில்லை. வழமையான பந்தயங்களில் இத்தகைய கலங்களுக்கு இடமும் மறுக்கப்பட்டது. ஹெறெஷொவ் மனமுடைந்து போகவில்லை. ஓருடற் கலங்களின் பக்கம் திரும்பி, 1893 முதல் 1920 வரை அமெரிக்கக் கிண்ணத்தைக் காத்த ஐந்து புகழ்பெற்ற கலங்களை அமைத்தார். அவர் திறமை வீணாகவில்லை. ஆனால் அவர் தொடங்கிவைத்த வழி பல பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்தது.

பந்தயத்துக்கு விதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பல்லுடற் கலத்தையும் ஓருடற் கலத்தையும் ஒரே வரிசையில் ஓடவிடுதல் குதிரையையும் எருதையும் ஒன்றாக ஓடவிடுவது போன்றது. 1988 இல் அமெரிக்கக் கிண்ணத்துக்காக நியூசிலாந்தார் மிகப் பெரிய ஓருடற் கலத்தோடு அறைகூவியபோது, அமெரிக்கர் சிறிய இரட்டையுடற் கலம் ஒன்றைக் கொண்டுவந்து எளிதில் வென்றனர். 1876 இற் படகே அன்றென்று ஒதுக்கப்பட்ட கலவகையையே அமெரிக்கர் தமக்குத் தேவை வந்தபோது துணைக்கு அழைத்தனர். வழக்கு நீதிமன்றங்கள் ஏறி 1990 இலேதான் முடிந்தது. சட்டம் அவர் பக்கம் நின்றது. எனினும் அவ்வோட்டத்தைப் போட்டியென்று சொல்ல நடுநிலையாளர் எவர்க்கும் நா எழாது. புதியதற்குத் தனி வரிசை அமைத்துக் கொடுப்பதே நீதி. வெளியே தள்ளிக் கதவடைத்தல் நீதியன்று. பாடசாலை விளையாட்டுக் குழுக்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் அதிகாரம் வகிப்போர் இதனை நினைவிற் கொள்வார்களாக.

கதவு மீண்டும் திறந்தது பந்தயக்காரரால் அன்று, கடலோடிகளால். 1937 இல் எறிக் தெ பிஷொப் என்னும் பிரெஞ்சுக்காரர் 'கைமிலோவா' என்னும் இரட்டை ஓடத்தில் ஹவாயிலிருந்து புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 1938 இற் பிரான்சை அடைந்தார். அவர் நூலைப் படித்து உள்ளம் எழுச்சியுற்றவர் ஜேம்ஸ் உவாரம் என்னும் ஆங்கில இளைஞர். செல்வமோ, செல்வாக்கோ அவர்க்கு இல்லை. 23 அடி 6 அங்குல நீளமான 'தங்கறோவா' என்னும் இரட்டை ஓடத்தைத் தாமே கட்டி, இரு ஜெர்மானியப் பெண்களோடு அத்திலாந்திக் சமுத்திரத்தை 1955-1956 இற் கடந்து திறினிடாட்டை அடைந்தார். அங்கேயே 40 அடிக் கலமொன்றைக் கட்டி, 1959 இல் நியூ யோர்க்கிலிருந்து அயர்லாந்துக்கு, குளிரும் புயலும் மிக்க வட அத்திலாந்திக் வழியே மீண்டார். இரட்டையுடற் கலம் ஒன்று அவ்வழியைக் கடந்தது அதுவே முதன்முறை.

உவாரம் வேகத்துக்காகக் கடல் மேற் செல்லவில்லை. பசிபிக் மக்கள் தற்செயலாகக் காற்றில் அடிபட்டுத் தீவுகளை அடைந்தவர் என்று அக்காலத்தில் எழுதியோர் இருந்தனர். அவர்களுக்கு மறுமொழி கூறவே அவர் புறப்பட்டார். மறுமொழியை ஏட்டில் எழுதாமல் ஓடத்திற் கட்டிக் காட்டினார். பின்னர் எளிய மக்கள் ஒட்டுப்பலகை கொண்டு தம் வீட்டு முற்றத்திலேயே கட்டத்தக்க வரைபடங்களை அமைத்து வழங்கினார். உலகெங்கும் தச்சரும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் அவற்றைக் கொண்டு தமக்கெனக் கலஞ் செய்தனர். அவர் 2021 இல் மறைந்தார். கடற்பயணம் செல்வர்க்கே உரியது என்ற எண்ணத்தை உடைத்தது அவர் செய்த பெருந்தொண்டு.

இன்று உல்லாசத் துறைகளில் நாம் காணும் இரட்டையுடற் கலங்கள் பல இவ்வெளிமையை மறந்துவிட்டன. சாயாமல் ஓடுவதாலும், ஆழமற்ற நீரிலும் செல்லக்கூடியதாலும், இடம் விரிந்திருப்பதாலும் மக்கள் அவற்றை விரும்புகின்றனர். விரும்பி, குளிரூட்டியும் சமையற்கட்டும் மெத்தையும் ஏற்றுகின்றனர். இக்கலம் பாரத்தைப் பொறாது. ஏற்றிய ஒவ்வொரு பொருளும் அதன் ஒடுங்கிய உடலை நீரில் அமிழ்த்தி, எந்தக் குணத்துக்காக அது அமைக்கப்பட்டதோ அக்குணத்தையே கெடுக்கின்றது. மிதக்கும் மாளிகை வேண்டுமென்பார் அதனை வாங்கட்டும். ஆனால் அதனைப் பாய்க்கலமென்று சொல்லிக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பந்தயத்தைப் பற்றியும் என் கருத்தை மறையாது கூறவேண்டும். 1968 இல் இலண்டன் பத்திரிகை ஒன்று, தனியொருவராக எத்துறையிலும் தங்காது உலகைச் சுற்றிவரும் போட்டியை அறிவித்தது. புறப்பட்ட ஒன்பதின்மருள் இருவர் மூவுடற் கலத்தினர். ஒருவர் டொனால்ட் குறோகேஸ்ற். மற்றவர் நைஜெல் ரெற்லி. குறோகேஸ்ற்றின் கலம் அவசரத்திற் கட்டி முடிக்கப்படாமலே புறப்பட்டது. தென்கடலுக்குச் சென்றால் கலம் தாங்காது. திரும்பினாற் கடனும் அவமானமும். அவர் அத்திலாந்திக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்ச் செய்தி அனுப்பினார். பொய்க் கணக்கெழுதிய ஏடு வேறு. மெய்க் கணக்கெழுதிய ஏடு வேறு. உண்மையாகவே உலகைச் சுற்றி வந்த ரெற்லி, தம் பின்னே அவர் விரைந்து வருவதாக நம்பிச் சிதைந்த கலத்தை மேலும் விரைந்து ஓட்டினார். வெற்றிக்கு ஏறக்குறைய ஆயிரம் மைல் இருக்க, 1969 மே மாதத்தில் அது உடைந்து மூழ்கியது. அவர் உயிர் தப்பினார். அதே ஆண்டு ஜூலையிற் குறோகேஸ்ற்றின் கலம் ஆளின்றி மிதக்கக் காணப்பட்டது. ஏடுகள் இருந்தன, அவர் இல்லை.

வென்றவர் றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன். அவர் ஓட்டியது பம்பாயிலே தேக்கு மரத்தாற் கட்டப்பட்ட 32 அடி ஓருடற் கலம். 5,000 பவுண் பரிசை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது குறோகேஸ்ற்றின் குடும்பத்துக்கு அளித்தார். தோற்றவரைத் தூற்றுவதற்கு அன்று உலகமே ஆயத்தமாயிருந்தது; தூற்ற உரிமையுடையவராய் இருந்தவரோ கொடுத்தார். விளையாட்டிலே பெருந்தன்மை என்பது யாதென மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியர் இதனைக் கூறலாம். வெற்றியே வேண்டும் என்று பெற்றோரும் ஊராரும் நெருக்கினால் ஓர் இளைஞன் எத்தகைய பொய்க்கணக்கு எழுத நேரும் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். பரீட்சைப் பெறுபேற்றை உயிரினும் பெரிதாகக் கொள்ளும் நம் சமூகத்துக்கு இது தொலைநாட்டுக் கதை அன்று.

இவ்வனுபவத்தாற் பல்லுடற் கலம் ஒதுக்கப்படவில்லை. 1972 இல் அலேன் கொலா என்பார் அத்திலாந்திக் தனியோட்டப் போட்டியை மூவுடற் கலத்தில் வென்றார். 1978 இற் பிரான்சின் சென் மாலோவிலிருந்து குவாதலூப் தீவு வரை நடந்த முதலாவது 'றூட் டு றம்' போட்டியில், மைக் பேச் என்னும் கனடியர் தம் சிறிய மூவுடற் கலத்தில், தம்மினும் மிக நீண்ட ஓருடற் கலத்தை முந்தினார். 23 நாள் ஓட்டத்தின் முடிவில் இருவர்க்குமிடையே இருந்த வேறுபாடு 98 விநாடி. அதே போட்டியிற் கொலா கலத்தோடு மறைந்தார்; அவரை எவரும் மீண்டும் காணவில்லை. 1993 இல் புறூனோ பெய்றோன் குழுவினர் இரட்டையுடற் கலத்தில் உலகை 79 நாளிற் சுற்றினர். 2017 இல் பிரான்சிஸ் ஜோயோன் குழுவினர் மூவுடற் கலத்தில் 41 நாளுக்குள் சுற்றி முடித்தனர். 2013 இல் சன்பிரான்சிஸ்கோ விரிகுடாவிலே அமெரிக்கக் கிண்ணத்துக்கு ஓடிய இரட்டையுடற் கலங்கள் நீருக்கடியிலுள்ள சிறகுகளால் மேலெழுந்து, மணிக்கு 40 கடல்மைலுக்கு மேற் பறந்தன. அதற்கான பயிற்சியில் ஒரு கலம் கவிழ்ந்து, ஒலிம்பிக் வீரர் அன்ட்றூ சிம்சன் உயிரிழந்தார். இத்தகைய போட்டிகள் இன்று பெரும்பொருளின் போட்டிகளாகிவிட்டன. அவற்றைக் கண்டு வியக்கலாம். ஆயின் ஒரு கல்லூரிக்கு அவற்றில் முன்மாதிரி இல்லை.

இக்கலத்தின் குறையையும் சொல்லாது விடுதல் முறையன்று. ஓருடற் கலம் மெல்ல மெல்லச் சாய்ந்து மாலுமியை எச்சரிக்கும். அளவுக்கு மீறிச் சாய்ந்தாலும் அடிப்பாரம் அதனை நிமிர்த்தும். இரட்டையுடற் கலமோ முதலில் அசையாது நிற்கும். காற்றுப்பக்கத்து உடல் நீரை விட்டு எழுந்த கணத்தில் அதன் எதிர்ப்பாற்றல் உச்சத்தை அடைந்து, அதன்பின் குறையத் தொடங்கும். அப்போது பாயைத் தளர்த்தத் தவறியவன் கவிழ்வான். கவிழ்ந்த பெருங்கலம் தானே நிமிராது. ஆயினும் பாரமின்மையால் அது மூழ்குவதும் இல்லை. 1989 ஜூனில் நியூசிலாந்துக்கு அப்பால் 'றோஸ் நோயெல்' என்னும் மூவுடற் கலம் கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வர் தலைகீழான அக்கலத்தின் மேலும் உள்ளும் 119 நாள் உயிரோடிருந்து, மிதந்து வந்து கரையேறினர். மூழ்காமை என்னும் இந்த ஒரு குணத்திலேயே மேனாட்டுப் பல்லுடற் கலமும் நம் கட்டுமரமும் உண்மையான உறவினர். நீரை உள்ளே விடாது போராடும் கலம் ஒருவகை. நீர் வந்தாலும் மிதக்கும் கலம் மற்றொரு வகை.

இனி நம்மை நோக்குவோம். அதற்கு முன் ஹவாய் மக்கள் செய்ததை அறிதல் நன்று. அவர்கள் தம் முன்னோரின் கடலோட்டக் கலையை முற்றாக இழந்திருந்தனர். 1973 இற் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, 'ஹோக்குலேயா' என்னும் 62 அடி இரட்டை ஓடத்தைக் கட்டி, 1975 இல் நீரில் இறக்கினர். வழியறிந்து செலுத்துவதற்கு அவர்களுள் எவரும் இல்லை. மைக்குறொனீசியாவின் சத்தவால் என்னும் சிறு தீவிலிருந்து மௌ பியாய்லுக் என்னும் மீகாமனை அழைத்து வந்தனர். அவர் திசையறி கருவியோ வரைபடமோ இன்றி, 1976 மே முதலாந் தேதி புறப்பட்டு, ஜூன் நாலாந் தேதி தாகித்தியை அடைவித்தார். 1978 இல் அதே ஓடம் கவிழ்ந்தது. உதவி தேடிப் பலகையில் நீந்திச் சென்ற எடி ஐக்காவு மீளவில்லை. அவர்கள் அஞ்சி நிறுத்தவில்லை. ஒழுங்குகளைத் திருத்திக்கொண்டு மீண்டும் புறப்பட்டனர். 1980 இல் மௌவிடம் பயின்ற ஹவாய் இளைஞர் நைனோவா தொம்சன் தாமே வழிகாட்டித் தாகித்திக்குச் சென்று மீண்டார். தம் குடிக்குள்ளேயே வைத்திருக்கவேண்டிய வித்தையை அயலார்க்குக் கற்பிக்க மௌ உடன்பட்டதற்குக் காரணம், தம் தீவிலேயே அதனைக் கற்க இளைஞர் முன்வராமையாகும்.

நம் நிலை ஹவாயினதைவிட நன்றாகத் தொடங்கியது. வல்வெட்டித்துறையிற் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பல், விலைக்கு வாங்கப்பட்டுப் பெயர் மாற்றப்பட்டு, நம் கரை மாலுமிகளால் ஓட்டப்பெற்று, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அது ஓருடற் கலமே. ஆயினும் நம்மவர் கையிற் கலமமைக்கும் திறனும் செலுத்தும் திறனும் இருந்தமைக்கு அதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை. அதன்பின் பொறியும் கண்ணாடியிழைப் படகும் வந்து பாயைப் பெரும்பாலும் ஒழித்தன. அம்மாற்றத்தைக் குறை கூறேன். தொழில் செய்வோர்க்கு உழைப்பு இலகுவாதல் வேண்டும். போர்க்காலத்தில் வடகடலிலே தொழிலுக்கு விதிக்கப்பட்ட தடைகள் ஒரு தலைமுறையையே கடலிலிருந்து பிரித்தன. 2009 இற் போர் முடிந்தபின் தொழில் மீண்டது, பாய் மீளவில்லை. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த நம் பிள்ளைகளுள், அக்காற்றைப் பாயிற் பிடித்து ஒரு கலத்தைக் காற்றுக்கெதிரே கொண்டுசெல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்?

இதற்குப் போரையும் பொறியையும் மாத்திரம் காரணமாக்குதல் ஆகாது. நம் கல்லூரிகள் தொடங்கிய நாள் முதல் அவற்றின் நாட்டம் எழுதுகோலின் மீதே இருந்து வந்துள்ளது. கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் இடம் அளித்தோம். நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டில் கடலுக்கு இடம் அளிக்கவில்லை. கடலை நம்பி வாழ்வோரின் அறிவை அறிவென்று மதியாத ஒரு மனப்பான்மையும் இதன் கீழே கிடந்தது என்பதைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. கட்டுமரம் என்னும் சொல்லை மேடையிற் போற்றினோம். கட்டுமரத்திற் சென்றவனை மேடைக்கு அழைக்கவில்லை. சொல்லைப் பற்றிய நம் பெருமிதம் எனக்கு உறுத்துவது இதனாலேதான்.

ஆகவே, இவ்விழா ஆண்டில் ஒன்றை முன்மொழிகின்றேன். நம் கல்லூரி சிறிய இரட்டையுடற் பாய்ப்படகுகள் இரண்டைத் தனக்கெனக் கொள்ளட்டும். அவற்றை வெளிநாட்டிலிருந்து வாங்கவேண்டியதில்லை. தேர்ந்த படகுத் தச்சர் ஒருவரின் மேற்பார்வையில், கிடைக்கத்தக்க வரைபடம் ஒன்றைக் கொண்டு, ஒட்டுப்பலகையால் மாணவர் தாமே கட்டலாம். நம் நீரேரி ஆழமற்றது. ஆழமாக அமிழாத இவ்வகைக் கலத்துக்கு அதனினும் ஏற்ற பயிற்சிக்களம் இல்லை. கட்டும்போது தச்சும், அளக்கும்போது கணிதமும், ஓட்டும்போது பௌதிகமும் தாமே வந்து சேரும்.

படகினும் முதன்மையானது ஆசிரியர். கரையூர்களிலே பாய் ஓட்டிய அனுபவமுடைய முதியோர் சிலர் இன்னும் இருக்கின்றனர். அவருள் ஒருவரைத் தகுந்த ஊதியத்தோடும் 'ஆசிரியர்' என்ற மரியாதையோடும் கல்லூரி அமர்த்தவேண்டும். அவர் கூறும் காற்றுக் குறிகளையும் நீரோட்ட வழக்குகளையும் தொழிற் சொற்களையும் தமிழ் வகுப்பு மாணவர் எழுதித் தொகுக்கலாம். அகராதியில் உள்ள ஒரு சொல்லுக்காக மகிழ்வதினும் அகராதியில் ஏறாத நூறு சொற்களைக் காப்பது தமிழுக்குச் செய்யும் நன்மையாகும்.

தடைகள் கூறப்படும் என்பதை அறிவேன். ஆபத்து என்பர். நீந்தத் தெரியாத எவரையும் படகில் ஏற்றாமை, மிதவைச் சட்டை அணியாமற் புறப்படாமை, துணைப்படகின்றி ஓடாமை, காற்று மிகுந்த நாளிற் கரையிலேயே நின்று கயிறு முடியப் பழகுதல், உரிய அதிகாரிகளின் அனுமதி பெறுதல் ஆகிய ஐந்தையும் விதியாகக் கொள்க. ஆபத்தை அறிந்து அடக்கப் பழகுவதும் கல்வியே. படிப்புக் கெடும் என்பர். வாரத்தில் ஒரு பிற்பகல் நீரேரியிற் கழிப்பதாற் கெடும் படிப்பு உறுதியான படிப்பன்று. பணம் எங்கே என்பர். சிட்னியிலும் இலண்டனிலும் தொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர் ஆண்டுதோறும் விருந்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கு போதும். அவர் வாழும் ஊர்களிலே பாய்ப்படகுக் கழகங்கள் உள்ளன. அவர்தம் பிள்ளைகளிற் சிலரேனும் அங்கே பயின்று, விடுமுறையில் இங்கு வந்து நம் மாணவரோடு சேர்ந்து ஓடலாம்.

உலகச் சாதனை எதையும் நாம் முறியடிக்கப் போவதில்லை; அதற்காக இதனைக் கேட்கவும் இல்லை. பாயின் கயிற்றைப் பிடித்திருக்கும் சிறுவன் காற்றோடு பொய் பேச முடியாது. பாயைத் தவறாக வைத்தாற் கலம் உடனே அவனுக்குச் சொல்லிவிடும். இரு உடல்களிலும் உள்ளவர் ஒருவர் சொல்லை ஒருவர் கேளாவிடில் கலம் நேரே செல்லாது. யார் எவ்வூரார், எக்குடியினர் என்பதை நீர் கேட்பதில்லை. இவற்றைக் கற்பிக்கும் வகுப்பறை நம் நீரேரிக் கரையிலேயே செலவின்றிக் கிடக்கின்றது. கற்பிக்கத்தக்க முதியோரோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பழைய மாணவர் சங்கம் தன் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே இதனை எடுத்து ஆராய்ந்து, அம்முதியோருள் ஒருவரையேனும் அக்கூட்டத்துக்கு அழைத்து அவர் கருத்தைக் கேட்குமாறு வேண்டுகின்றேன்.